மொட்டைத் தலையில் புதுச் சந்தனம்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை ஒரே வார்டில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் அவள். ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். நோயாளியின் மணிக்கட்டில் கோடு கோடாக அச்சடித்த பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்களாம். ஊசி மருந்துப் பாட்டிலிலும் அதே மாதிரி கோடுகள் இருக்குமாம். இரண்டையும் மெஷினிடம் காட்டினால், ஆளும் மருந்தும் பொருந்துகிறதா என்று அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே சந்தேகப்படுற சோலியே இல்லக்கா. பச்சை லைட்டு எரிஞ்சா போட்டுற வேண்டியதுதான்" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெஷின்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. பச்சை லைட் எரிந்தால் ஆள் சரி, மருந்து சரி. அந்த ஆள் காலையில் எதை விழுங்கிவிட்டு வந்தார், எதை நம்மிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு எந்த லைட் எரியும்? இதைக் கேட்டதும் கவிதா, "அப்ப நீங்களே எழுதிக் குடுங்கக்கா. கீமோ ஊசி போட வர்றவங்க என்னென்ன தெரிஞ்சுக்கணும்னு ஒரே ஒரு பக்கம். அச்சடிச்சு எல்லாருக்கும் குடுப்போம்" என்றாள். ஒரு பக்கத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் வந்து நின்றுகொண்டார். அதனால் இப்படி நீண்டுவிட்டது. வேண்டியதை அவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சந்தேக புத்தி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பால்காரர் பாலை ஊற்றிவிட்டுப் போனதும் நான் முகர்ந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "அப்படியே மாட்டோட பேரையும் கேட்டு வச்சுக்க" என்பார். இது பாதி பிறவியில் வந்தது. மீதிப் பாதியை ஸ்தெல்லா சிஸ்டர் வளர்த்துவிட்டார்.

மதுரையில் நர்சிங் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கவும், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கவும் நன்றாகக் கற்றேன். பிறகு பழனி அடிவாரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பாலசமுத்திரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். பல வருஷம் பிரசவ வார்டு. அப்புறம் புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றும் பகல் வார்டு ஒன்றைத் திறந்தபோது என்னை அங்கே மாற்றினார்கள். எட்டு நாற்காலி, இரண்டு கட்டில். காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். கொடைக்கானல், அட்டுவம்பட்டி, தாண்டிக்குடி, மன்னவனூர் என்று மலையில் எங்கெங்கிருந்தோ இறங்கி வருவார்கள்.

அந்த வார்டின் தலைமை நர்ஸ் ஸ்தெல்லா சிஸ்டர். உயரமாக, ஒல்லியாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும்: "யார் சொன்னா?"

"இந்த அம்மா சாப்பிட்டுட்டாங்க சிஸ்டர்."

"யார் சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"என்ன சாப்பிட்டாங்களாம்?"

திரும்பிப் போய்க் கேட்டால் அரை டம்ளர் காப்பி என்று பதில் வரும். சாப்பாடு என்று அந்த அம்மா சொன்னது அதைத்தான். சிஸ்டர் என்னைத் திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார்.

மருந்து கலக்கும் நேரத்தில் யாரும் பேசக் கூடாது. மருந்து வரும் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் அவருக்குப் பிடிக்காது. பாட்டிலின் மேல் ஒட்டியிருப்பதைத்தான் படிக்க வேண்டும், அதுவும் உரக்க. நான் பாட்டிலைப் படிப்பேன், அவர் டாக்டரின் சீட்டைப் பார்ப்பார். பிறகு மாற்றிக்கொள்வோம். அவர் பாட்டிலைப் படிப்பார், நான் சீட்டைப் பார்ப்பேன். இந்த மருந்துகளின் அளவு நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்து வருவது. எடையை அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். போன முறை எடை இவ்வளவு என்று பழைய தாளைக் காட்டினால் அதற்கும் "யார் சொன்னா?" தான். அளவை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போடுவோம். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துவந்தால்தான் பாட்டிலைத் திறப்போம்.

பேர் கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். 'நீங்க இன்னார்தானே' என்று கேட்டால் குற்றம். பேரென்ன, அப்பா பேரென்ன, எந்த ஊர் என்று கேட்டு, அவர்கள் வாயால் வரவழைக்க வேண்டும். எனக்கு முதலில் இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. ஒருநாள் வார்டு வாசலில் நின்று, "பழனிச்சாமி யாருங்க?" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் எழுந்து நின்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் முருகன் பேர் இல்லாத வீடு எது? அதில் ஒருவர் காது மந்தமான தாத்தா. அவரிடம், "நீங்கதானே நெய்க்காரப்பட்டி பழனிச்சாமி?" என்று கேட்டேன். "ஆமாங்க தாயி" என்று தலையாட்டி, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கையையும் நீட்டிவிட்டார். சிஸ்டர் பின்னாலிருந்து வந்து, "அய்யா, உங்க ஊரு எதுங்க?" என்று காதருகே குனிந்து கேட்டார். தாத்தாவுக்கு ஊர் ஆயக்குடி. கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து வரிசை மாறி உட்கார்ந்திருந்தவர். அன்றிலிருந்து நானும் எல்லோரிடமும் அதே முறையில் பேர் கேட்க ஆரம்பித்தேன்.

நோயாளிகள் படித்துக்கொள்வதற்காக இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறேன். தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த வேலாயுதம். அவருக்குப் போட வேண்டியது சிவப்பு மருந்து. பார்த்தால் ரோஸ் சர்பத் மாதிரி இருக்கும். ரத்தக் குழாய்க்குள்ளேயே போகும்வரை அதனால் தொந்தரவு இல்லை. குழாயை விட்டு ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் தோலையும் சதையையும் புண்ணாக்கிவிடும். அதனால் அதைத் தொங்கவிட்டுவிட்டு நகர முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நான் அப்படித்தான் ஏற்றினேன். நடுவில் இரண்டு முறை, "வலிக்குதாங்க?" என்று கேட்டேன். இரண்டு முறையும், "இல்லைங்க" என்றார். ஆனால் அவர் கால் பெருவிரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் லேசான வீக்கம்.

உடனே நிறுத்தினோம். உள்ளே கசிந்ததில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை உறிஞ்சி எடுத்தோம். டாக்டர் ஓடி வந்தார். ஐஸ் ஒத்தடம் கொடுத்தோம். "ஏண்ணே சொல்லல?" என்று அழாக்குறையாகக் கேட்டேன். "எரிஞ்சாத்தான சிஸ்டர் மருந்து புடிக்குதுன்னு அர்த்தம்? நான் தாங்கிக்கிருவேன்னு இருந்தேன்" என்றார். புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இரண்டு விரல் முழுசாக மடங்காமலே போய்விட்டது. காப்பிப் பழம் பறிக்கிற கை அது. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊசி மருந்து ஏறும்போது எரிந்தால், கடுத்தால், இறுக்கமாகத் தெரிந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். தாங்கிக்கொள்வதற்கு யாரும் மெடல் தர மாட்டார்கள். அதற்கப்புறம் நான் 'வலிக்குதா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். "கையில இப்ப என்ன தெரியுது? ஜில்லுன்னு இருக்கா, காந்துதா, ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்பேன். எங்கள் ஜனங்கள் வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதை மானக்கேடாக நினைப்பவர்கள்.

இனி செல்லம்மாவின் கதை. இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

செல்லம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். மார்பில் கட்டி வந்து மதுரையில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி எங்களிடம் போட வேண்டும். கணவர் காளிமுத்து கூட வந்திருந்தார். நான் செல்லம்மாவிடம் எதைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொன்னார். பசிக்குதா என்று கேட்டால்கூட, "அவளுக்குப் பசிக்காதுங்க" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை.

முதல் ஊசி அன்றைக்கு எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். சிவப்பு மருந்து போனால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்படாதே. வாயில் புண் வரலாம், உப்புத் தண்ணீரில் கொப்பளி. நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த சூரணம் எதைச் சாப்பிட்டாலும் எங்களிடம் சொல். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் ஊசிக்குப் பிறகு குறையும். ஏழாம் நாளிலிருந்து இரண்டாவது வாரம் முடியும்வரை ரொம்பவே இறங்கிக் கிடக்கும். அப்போது கூட்டத்துக்குள் போகாதே, உடம்பில் கீறல் படாமல் பார்த்துக்கொள். காய்ச்சல் நூறைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு, மாத்திரை போட்டு அமுக்காதே. கடைசியாக முடி கொட்டும் என்றேன். அவள் சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது. அதை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அன்றைக்கு முதல் தடவையாக அவளே வாயைத் திறந்தாள். "ஊசி நாளு தவறிப் போச்சுன்னா என்னாகும் சிஸ்டர்?"

எனக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. பூண்டு அறுவடை, பங்குனிப் பொங்கல், மச்சினன் கல்யாணம் என்று நாளைத் தவறவிடுகிறவர்களிடம் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். "அந்தக் கதையே ஆகாது. நாள் தவறக் கூடாது. தவறுனா அடங்குன நோய் திரும்ப எந்திரிச்சு உக்காந்துக்கும். அப்பறம் எங்களைக் கேக்கக் கூடாது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கும் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வந்தார்கள். வெள்ளனே மலையிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி, ஒன்பதரை மணிக்கு வார்டுக்குள் நுழைந்தார்கள். செல்லம்மா தலையில் முடி இல்லை. மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம்.

பழனியில் பிறந்து வளர்ந்த யாரும் சந்தன மொட்டையை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில், ஹோட்டலில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கே பார்த்தாலும் அதுதான். முடியிருக்கிற தலை எங்கள் கண்ணுக்கு எப்படியோ அதுவும் அப்படித்தான். நானும் சிரித்துக்கொண்டே, "முடியை முருகனுக்கே குடுத்துட்டீங்களா?" என்றேன்.

காளிமுத்துதான் பதில் சொன்னார். "கொத்துக் கொத்தா வந்துச்சுங்க. சோத்துல விழுது, தலகாணியெல்லாம் கெடக்கு. எப்படியும் போறதுதான, கீழ விழுந்து மிதிபடுறதுக்கு அவனுக்கே குடுத்துருவோம்னு போன வாரத்துக்கு முந்துன வாரம் வந்து எறக்கிட்டோம்." எனக்கு மனசு இளகியது. நல்ல காரியம் என்றேன். அது எத்தனையாவது நாள், அணுக்கள் எந்த மட்டத்தில் கிடந்த நாள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. சந்தேக புத்திக்காரியான நான் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

காய்ச்சல் பார்த்தேன். இல்லை. எடை பார்த்தேன். ஒரு கிலோ குறைந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. இன்னொரு முறை எண்ணினேன். நூற்று இருபது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. அது மாசி மாதம், மின்விசிறிகூடப் போடவில்லை.

"பஸ்ஸுல வந்த அலுப்புங்க" என்றார் காளிமுத்து.

"அவங்க சொல்லட்டும்ணே."

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. வெரசாப் போட்டு அனுப்பிட்டீங்கன்னா ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிருவோம்."

என் சந்தேகம் முழுக்க அந்த மனுஷன் மேல் போய் உட்கார்ந்தது. ஏதோ வைத்தியரிடம் சூரணம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், நமக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவளைப் பேசவிடாமல் மறிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். "அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். "வேணாங்க" என்றார். "வெளிய போங்கன்னு சொல்றேன்" என்று எட்டு நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்.

அவர் போனதும் செல்லம்மா பக்கம் திரும்பினேன். சூரணம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அடித்தாரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "ஐயோ, அவரு தங்கமான மனுசன் சிஸ்டர்" என்றாள்.

டாக்டரிடம் போனேன். வாரத்தில் இரண்டு நாள் மதுரையிலிருந்து வருபவர். நல்ல மனுஷர், ஆனால் எப்போதும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். மூன்று நாளைக்கு முன் கொடைக்கானலில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். "ஃபீவர் இல்லைல்ல? கவுன்ட் ஓகே. பயத்துல பல்ஸ் ஏறியிருக்கும், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மருந்தைக் கலந்தோம். ஸ்தெல்லா சிஸ்டரும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். அளவு ஒத்துவந்தது. பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் ஒத்துவந்தது. அந்தப் புது மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால் பச்சை லைட் பளிச்சென்று எரிந்திருக்கும்.

சிவப்பு சிரிஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் ஊசி ஏற்கெனவே ஏற்றி, சலைன் போய்க்கொண்டிருந்தது. குழாயைப் பார்ப்பதற்காகக் குனிந்தேன். சந்தன வாசம் அடித்தது. நல்ல ஈர வாசம்.

அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொட்டை போட்டது போன வாரத்துக்கு முந்தின வாரம் என்றால், அந்தச் சந்தனம் முதல் குளியலிலேயே போயிருக்க வேண்டும். இது இன்றைக்குப் பூசியது. தலை முழுக்க மெல்லிசாக இருந்தது, வலது காதுக்குப் பின்னால் மட்டும் அப்பி வைத்தது மாதிரி கனமாக இருந்தது.

"செல்லம்மா, இன்னைக்குக் காலைல கோயிலுக்குப் போனீங்களா?"

"இல்ல சிஸ்டர். நேரா இங்கதான்."

"அப்ப இந்தச் சந்தனம்?"

சிரிஞ்சைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். சலைனில் பஞ்சை நனைத்துக் காதுக்குப் பின்னால் துடைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்த்தபோது இல்லாத கொதிப்பு இப்போது அந்தக் கையில் இருந்தது. மெதுவாக விடுவித்துவிட்டுத் துடைத்தேன். சவரக் கத்தி பட்ட கீறல்கள் நாலைந்து. அதில் ஒன்று நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்து, நடுவில் சீழ் கோத்திருந்தது.

"எத்தன நாளாக் காய்ச்சல்?"

"மூணு நாளா" என்றாள். "மாத்திரையத் தின்னா வேர்த்து விட்டுருது. இன்னைக்குப் பஸ்ஸுல வரும்போது ஒண்ணு போட்டேன்." இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். காய்ச்சல் மாத்திரை அட்டையில் இரண்டே இரண்டு மிச்சம் இருந்தன. "சந்தனம் குளிர்ச்சிக்குன்னு சொல்லித்தான் பூசுனேன், அவருக்குத் தெரியாது சிஸ்டர். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஏம்மா மறைச்ச? காய்ச்சல் வந்தா உடனே வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, நாளு தவறக் கூடாதுன்னு. காய்ச்சல்னு தெரிஞ்சா ஊசி போடாமத் திருப்பி அனுப்பிருவீங்க. அப்பறம் நோய் எந்திரிச்சு உக்காந்துக்குமே. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சிஸ்டர்."

நான் சொன்ன அதே வார்த்தைகள். அவள் ஒரு எழுத்தைக்கூட மறக்கவில்லை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது காளிமுத்து இல்லை, சூரணம் இல்லை. நான்தான்.

ஸ்தெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டேன். வந்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். யார் சொன்னா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. தட்டிலிருந்த சிரிஞ்சை எடுத்து, இந்த மருந்துகளைக் கழிப்பதற்கென்று வைத்திருக்கும் வாளியில் போட்டு மூடினார். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். டாக்டர் குனிந்து பார்த்தார். "திரும்ப பிளட் எடுங்க, உடனே" என்றார். வெள்ளை அணுக்கள் மூன்று நாளில் மளமளவென்று இறங்கியிருந்தன. உடம்புக்குள் கிருமி புகுந்து, அதை எதிர்க்க ஆளில்லாமல் கிடந்த உடம்பு அது. அதன் மேல் இரண்டாவது ஊசியும் ஏறியிருந்தால் மிச்சமிருந்த அணுக்களும் படுத்திருக்கும். ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாள். டாக்டர் அன்றைக்கு மதுரைக்குக் கிளம்பவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நான் வேண்டுதலுக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. என் பிள்ளைகளுக்கும் இங்கேதான் முடி இறக்கினேன். நான் கேட்பது இவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டிருக்கிற காலத்தில் முடியை எடுப்பதென்றால் எங்களிடம் நாள் கேளுங்கள். கத்தி வேண்டாம், மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கத்திதான் வைக்க வேண்டும் என்று வேண்டியிருந்தால் எல்லா ஊசியும் முடிந்து முடி வளர்ந்த பிறகு வாருங்கள். முருகன் மலையை விட்டு எங்கேயும் போய்விட மாட்டான். காய்ச்சல் மாத்திரையும் அப்படித்தான். அது காய்ச்சலை இறக்கும், கிருமியைத் தொடாது. தெர்மாமீட்டரை ஏமாற்றலாம். நாடியை ஏமாற்ற முடியாது.

செல்லம்மாவை உள்நோயாளி வார்டில் சேர்த்தோம். சாயங்காலத்துக்குள் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. கிருமியை அடக்கும் மருந்தை ஏற்றினார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள், கட்டியைக் கீறி விட்டார்கள். இரண்டாம் நாள் பேச்சுக் குழறியது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் என் வார்டு வேலையை முடித்ததும் அங்கே போய் நிற்பேன். காளிமுத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், பேச மாட்டார். அவர் பேசாததை நான் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். எட்டுப் பேர் முன்னால் கத்தியதை யார்தான் மறப்பார்கள்?

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. செல்லம்மா கஞ்சி கேட்டாள். நான் பெஞ்சுக்குப் போய், "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "என்னையச் சந்தேகப்பட்டதுக்கு என்னங்க சிஸ்டர். நான் அவளச் சந்தேகப்படலையே" என்றார். "மூணு நாளும் பக்கத்துலதான் படுத்துக் கெடந்தேன். போர்வையை இழுத்து இழுத்துப் போத்துனா. மலைக்குளிருதானன்னு நானும் இன்னொரு போர்வையை எடுத்துப் போத்தி விட்டேங்க. கையைத் தொட்டுப் பாக்கணும்னு தோணலையே எனக்கு." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். நானும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'நாள் தவறக் கூடாது' என்பதை அன்றோடு விட்டேன். "நாளைத் தள்ளுறதா வேணாமான்னு முடிவு பண்றது எங்க சோலி. தள்ளிப்போட்டா அதுக்கொரு காரணம் இருக்கும், அதனால நோய் எந்திரிச்சுக்காது. நீங்களா வராம இருக்கிறதுதான் தப்பு. உடம்புல எது வந்தாலும் சொல்லிருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். கூட வருகிற ஆளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவர்கள் திருப்பிச் சொல்வதில் எனக்கே அடையாளம் தெரியாத வார்த்தைகள் இருக்கும். அதனால் என்னையும் நான் சந்தேகப்படப் பழகினேன். நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது, சொன்னவருக்கு லேசில் தெரிவதில்லை.

செல்லம்மா நாலு ஊசியையும் முடித்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, தள்ளிப்போன அந்த இரண்டாவது ஊசிக்கு அவள் திரும்ப வந்த நாள். ரத்த ரிப்போர்ட் அருமையாக இருந்தது. தலையில் பூனைமுடி அரும்பிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, நாடி எண்பத்திரண்டு. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவளாகவே, "சிஸ்டர், நேத்து ராத்திரி தொண்டை கரகரன்னுச்சு. இப்பவும் எச்சில் முழுங்குனா வலிக்குது. மாத்திரை ஒண்ணும் போடல" என்றாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை சிவந்திருந்தது. "ஒரு வாரம் போகட்டும்" என்றார்.

காளிமுத்து பதறிப்போனார். "மறுபடியுமாங்க? ஏற்கெனவே எத்தன நாளு தள்ளிப் போச்சு!"

செல்லம்மா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். கஷ்டப்பட்டு இறங்கி வந்த மலையில் அதே தூரம் அவள் திரும்ப ஏற வேண்டும்.

"தள்ளிப் போனாப் போகட்டும்ங்க. நான் இருக்கேன்ல, வாங்க" என்றாள்.